மச்சான் தைத்துக் கொண்டுவந்த மாம்பழப் பெட்டி

1

பாளையங்கோட்டையிலும் சேரன்மகாதேவியிலும் உள்ள என் உறவுக்காரர்களுக்கு இந்நேரம் சேதி எட்டியிருக்கும். பினாங்கில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவாக இருக்கும் சாமுவேல், தன் வீட்டில், தன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாம்பழம் களவாண்டு தின்றான் என்பதே சேதி. எட்டாத ஊர்களும் இருக்கும். ஆழ்வார்குறிச்சிக்கு எந்தச் சேதியும் ஒரு மாதம் பிந்தித்தான் போகும். அவர்களுக்காக நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவர் வாயில் போனால் பழத்தின் எண்ணிக்கை கூடிவிடும்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த ஆனியோடு எனக்கு இருபது வருஷம் ஆகிறது. வரும்போது இரண்டே வருஷம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆபீசில் அதை உத்தியோக அக்கறை என்று துரை நினைக்கிறார். வீட்டில் அப்படி யாரும் நினைப்பதில்லை. "காலுல என்ன சக்கரமா கட்டியிருக்கு? ஒரு எடத்துல இருங்களேன்" என்று என் மனைவி அன்பம்மாள் சொல்லாத நாள் இல்லை. புது ராஜாவின் முடிசூட்டுக்குக் கட்டிய தோரணங்கள் மழையில் சாயம்போய்த் தெருவெங்கும் தொங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் இந்தக் கதை நடந்தது. அந்த வாரம் நான் நடந்த நடையில் நேராகப் போயிருந்தால் சேரன்மகாதேவியே வந்திருக்கும், நடுவில் கடல் இல்லாவிட்டால்.

2

எனக்கு ஒரே மகள், எஸ்தர். இங்கேயே பிறந்தவள். நாலு வயதில் ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போனேன். அவள் நினைவில் மிச்சமிருப்பது வண்டிமாட்டின் வால் ஒன்றுதான். தாமிரபரணியைப் பற்றி அவளுக்கு நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒருநாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆத்துல ஸ்டீமர் போகுமாப்பா?" என்றாள். போகாது என்றேன். "அப்ப சின்ன ஆறுதான்" என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள்.

இப்போது அவள் இங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். தமிழும் ஆங்கிலமும் மலாயும் அவள் வாயில் ஒரே மூச்சில் வரும். எதற்கெடுத்தாலும் "தாப்பா" என்பாள். பரவாயில்லை என்பதற்கு இங்கத்திய சொல் அது. சோறு குழைந்தாலும் தாப்பா, அப்பனுக்குச் சம்பளம் உயராவிட்டாலும் தாப்பா.

அவளைத் தன் மகன் ஞானராஜுக்குக் கேட்க என் மனைவியின் அண்ணன் தேவசகாயம் கப்பலேறி வருவதாகக் கடிதம் வந்தது. மச்சான் சேரன்மகாதேவியில் உபாத்தியாயர். ஞானராஜும் உபாத்தியாயர்.

எங்கள் பக்கத்துச் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்து வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறையான பிறகும் எந்தப் பாதிரி ஐயரும் அதைக் கண்டித்துப் பிரசங்கம் செய்ததில்லை. அவர்கள் வீட்டுக்கும் பழம் போகும் என்பது காரணமாக இருக்கலாம். பெண் கேட்டு வரும் தாய்மாமன், புதுப் பனையோலைப் பெட்டியில் பழம் வைத்து, மூடியைச் சுற்றிப் பனைநாரால் தைத்துக் கொண்டுவருவார். பெண்ணின் தாய் அந்தத் தையலைப் பிரித்து, வீட்டார் பழத்தைத் தின்றால் சம்மதம். தையல் பிரியாமல் பெட்டி திரும்பினால் சம்மதமில்லை. காரணம் கேட்கக்கூடாது, முகத்தைத் தூக்கக்கூடாது. மாட்டேன் என்று வாயால் சொல்லும் சங்கடம் யாருக்கும் வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு வாய் தின்றுவிட்டால் பிறகு பேச்சு மாறக்கூடாது.

அந்தக் காலத்தில் பெட்டிக்குள் இருப்பது தேங்காய், வாழைப்பழம், உடன்குடிக் கருப்பட்டி. சேரன்மகாதேவியில் வண்டி பூட்டினால் பொழுது சாயுமுன் பாளையங்கோட்டை. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் கடலையும் நினைக்கவில்லை, மாம்பழத்தையும் நினைக்கவில்லை.

எனக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆசை இருந்தது. ஞானராஜ் நல்ல பிள்ளை என்பது ஒரு காரணம். மகள் அங்கே போய்விட்டால் நான் ஊர் திரும்ப ஒரு சாக்குக் கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிசு என்று அன்பம்மாள் கேட்டாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய்விட்டேன்.

எஸ்தர் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "அத்தான் மொகமே எனக்கு ஞாபகம் இல்லம்மா. இப்பத்தான் எனக்குன்னு ஒரு வகுப்பு குடுத்திருக்காங்க. நான் யோசிக்கணும்" என்றாள். "நீ வாய் தொறக்க வரைக்கும் நான் பெட்டியத் தொடமாட்டேன்" என்று தாய் வாக்குக் கொடுத்தாள்.

3

கப்பல் வந்தது. மச்சான் வரவில்லை. வழியில் ஒருவனுக்கு அம்மை கண்டிருந்ததால் கப்பலின் மேல்தட்டில் வந்தவர்களை எல்லாம் எதிரே உள்ள தீவில் இறக்கி, குவாரண்டைன் முகாமில் அடைத்துவிட்டார்கள். திறந்த தட்டில் படுத்துவந்தால் நல்ல காற்று வரும் என்று சொல்லி மச்சான் மலிவான சீட்டு எடுத்திருந்தார். காற்றோடு அம்மையும் வந்தது. கேபினில் வந்தவர்கள் அன்றைக்கே டவுனில் இறங்கி ஐஸ் போட்ட சோடா குடித்தார்கள். அம்மைக்குச் சீட்டைப் படிக்கத் தெரியும் என்று சர்க்கார் நம்புகிறது.

தீவுக்குப் போக அனுமதி கேட்டு மேஜை மேஜையாக நின்றேன். முதல் மேஜையில் யாரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மச்சானை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். அங்கிருந்தவர் சகோதரன் என்று எழுதிக்கொண்டார். அடுத்த மேஜைக்காரர், "சகோதரன் என்றால் தகப்பன் பெயர் ஏன் வேறாக இருக்கிறது?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். என் தாயின் மானத்தைக் காப்பாற்றி முடிப்பதற்குள் படகு போய்விட்டது. மறுநாள்தான் போக முடிந்தது.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்றார். அவர் காலடியில் பெட்டி.

"என்ன மச்சான், சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்கவனத்தாம்வே அடச்சு வச்சிருக்கான்! ஊருலயே மூணு தடவ அம்ம குத்தியாச்சு. இன்னைக்குக் காலைல இவனும் ஒரு குத்து குத்திட்டான். கையத் தூக்க முடியல. தூக்க முடிஞ்சா அவன ஒரு குத்து குத்துவேன்."

"எப்ப விடுவானாம்?"

"அவனுக்கே தெரியாதாம். அம்ம சொல்லணுமாம். அது கெடக்கட்டும், இந்தப் பெட்டியக் கொண்டுபோயிரும். ஈ மொய்க்குன்னு கடல்ல வீசச் சொல்லுதான். நான் குறுக்கப் படுத்துட்டேன்."

"உள்ள என்ன மச்சான்?"

"நம்ம பக்கத்துல என்னென்ன வக மாம்பழம் உண்டோ அம்புட்டும் இருக்கு. ஆனா மாப்ளே, தையலத் தொட்ராதேரும். நான் வரணும், தங்கச்சி பிரிக்கணும். ஒம்ம நாக்கப் பத்தி எனக்குத் தெரியும்வே."

"என்ன மச்சான், என்னைய இப்பிடி நெனச்சுட்டேரே" என்றேன். அதைச் சொல்லும்போதே வாயில் நீர் ஊறியிருந்தது.

4

இங்கே மாம்பழமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. மலாய்க்காரர்கள் விரும்பித் தின்னும் குயினி என்று ஒன்று. அதன் மணம் தெருமுனைக்கே வந்து வரவேற்கும். கூடவே வீட்டுக்கு வந்தால் அங்கே உட்கார்ந்துகொண்டு போகாது. நார் பல்லைப் பிடித்தால் விடாது. தோலின் பால் பட்டால் எனக்கு உதடு தடித்துவிடும். இதுவும் மாம்பழம்தான் என்று பல வருஷம் மனசைச் சமாதானப்படுத்தினேன். உதடு சமாதானமாகவில்லை.

பெட்டியைக் கூடத்தில் முக்காலியின் மேல் வைத்தோம். மாம்பழத்தை நிறம் பார்த்தும் அளவு பார்த்தும் வகை பிரிப்பார்கள். தைத்த பெட்டியில் அது நடக்காது. நான் மூக்கால் பிரித்தேன். ஆபீசுக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, நடுவில் சாப்பாட்டுக்கு வந்தாலும் ஒருமுறை. இந்தப் பழங்கள் ஒன்றுக்கொன்று எதில் வேறுபடுகின்றன என்றால், எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதில்தான் என்று அந்த வாரம் எனக்குப் பட்டது.

முதலில் வாய்திறந்தது செந்தூரம். தோளில் குங்குமச் சிவப்பு பூசிக்கொண்டு நிற்கிற அவசரக்காரப் பழம். இன்றைக்குப் பழுத்தால் நாளை மறுநாள் குழைந்துபோகும். வாசனையை அடக்கவும் தெரியாது. அடுத்தது சப்பட்டை. பேருக்கேற்றபடி தட்டையாக இருக்கும், பார்த்தால் இதில் என்ன சதை இருக்கப்போகிறது என்று தோன்றும், கடித்தால் வெல்லம். அதன் மணம் தணிந்தது, பக்கத்தில் மூக்கை வைத்தால்தான் பேசும். பஞ்சவர்ணம் கண்ணுக்கென்று படைத்த பழம். ஒரே தோலில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஓடும். தைத்த பெட்டிக்குள் அதை வைத்தது திரைக்குப் பின்னால் நாட்டியம் ஆடச் சொன்னது போல. நாட்டு மாம்பழத்தைக் கடித்துத் தின்ன முடியாது. உருட்டிக் கசக்கி, காம்புப் பக்கம் ஓட்டை போட்டுச் சப்ப வேண்டும். வெள்ளைச் சட்டைக்கும் அதற்கும் ஜென்மப் பகை.

கிளிமூக்கு வேறு ஜாதி. காயாக இருக்கிறவரை அது ராஜா. கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் வைத்தால் போதும். பழுத்தால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, உத்தியோகம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த தாசில்தார் மாதிரி. மல்கோவா சேலத்துப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து குடியேறிய பெரிய மனுஷர். குண்டாக, ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். காய்தானே என்று விட்டுவைத்தால் ஏமாந்தோம். நீலம் எல்லாவற்றுக்கும் கடைசி. சின்னதுதான், ஆனால் கெடாமல் காத்திருக்கும், கப்பலுக்கென்றே காய்த்தது. ஒரு குறை, சில கொட்டைக்குள் வண்டு குடியிருக்கும். வெளித்தோலில் ஒரு துளையும் தெரியாது. அந்த வண்டும் சீட்டில்லாமல் கடல் கடந்து வந்திருக்கும். அதைத் தீவில் இறக்க எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு வாசனை ஏறியது, முந்தின நாள் வாசனை புளித்தது. எறும்புகள் முக்காலியின் கால் வழியாக ஏறின. அன்பம்மாள் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள்.

"எஸ்தர், செந்தூரம் போயிட்டிருக்கும்மா" என்றேன்.

"போகட்டும்ப்பா. தாப்பா."

"யோசிச்சியா?"

"பழத்துக்கு அவசரம்னா நானும் அவசரப்படணுமா?" அவள் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். கை எழுதவில்லை, ஒரே வரியின் மேல் நின்றது. அவள் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் வாசனை பிடிக்கிற மும்முரத்தில் கவனிக்கவில்லை.

பக்கத்துத் துணிக்கடை மீரான் சாயபு மேலப்பாளையத்துக்காரர். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "என்ன அண்ணாச்சி, மவளுக்குக் கல்யாணம் பேசுதேரா, எறும்புக்கு விருந்து வைக்கேரா? மணம் என் கடைச் சேலையெல்லாம் ஏறிட்டு. நேத்து ஒரு அம்மா மாம்பழ வாசனச் சேல இன்னொண்ணு தாங்கன்னு கேக்கா." அவருக்கு வழக்கத்தைச் சொன்னேன். "அல்லாவே! அப்ப பைய நடங்க. நீங்க சுத்துத சுத்துல பெட்டி தானா பிரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பல்வலி வந்தது. தாயும் மகளும் கோவிலுக்குப் போனார்கள். போனதும் பல்வலி போய்விட்டது.

பெட்டியின் அடியிலிருந்து சாறு கசிந்து கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தை நாலு சுற்று சுற்றினேன். கெட்டதை எடுக்காவிட்டால் நல்லதும் கெடும், இது யாருக்கும் தெரிந்த விஷயம். தையலைத் தொடக்கூடாது என்பதுதான் வழக்கம். அடிப்பக்கத்தைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கப்பல் கம்பெனியில் இத்தனை வருஷம் ஒப்பந்தம் படித்தவன் கண்ணுக்கு அந்தச் சந்து தப்புமா? பெட்டியைப் பைய கவிழ்த்தேன். இரண்டு ஓலையை நெகிழ்த்தி, கை நுழைகிற அளவுக்கு வழி செய்தேன்.

முதலில் வந்தது செந்தூரம், முழுக்க அழுகல். சாக்கடையில் போட்டேன். அடுத்ததும் அப்படியே. என் நாணயத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவதாக ஒரு பஞ்சவர்ணம் வந்தது. பாதி கெட்டது, பாதி நல்லது. கெட்ட பாதியை வெட்டி எறிந்தேன். நல்ல பாதியை எங்கே வைப்பது? திரும்பப் பெட்டிக்குள் வைக்க முடியாது. வாயில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. நடந்துகொண்டே தின்றேன். ஒரு சப்பட்டை. பிறகு நாட்டு மாம்பழம், வெள்ளைச் சட்டையோடு. அது மோவாயில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அப்போதுதான் வாசலில் ரிக்‌ஷா நின்ற சத்தம் கேட்டது.

கோவிலிலிருந்து வந்த தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், அன்று காலை விடுதலையாகி நேரே வந்திறங்கிய மச்சான்.

6

மச்சான் கவிழ்ந்த பெட்டியைப் பார்த்தார். தரையில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி அன்பாய்! ஒம் மாப்பிள்ள சம்மதிச்சுட்டாருட்டி! நான் வர வரைக்கும் பொறுக்க முடியல பாரு! ஞானராஜுக்கு இன்னைக்கே தந்தி அடிச்சிருவோம்."

அன்பம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை அதுவரை பார்த்ததில்லை. எஸ்தர் வேதபுத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"மாமா, தையல் பிரியலையே."

"பிரியாட்டி என்ன பிள்ள? வாயில பழம் போயாச்சுல்லா? ஒரு வாய் தின்னா பேச்சு மாறப்படாது. ஒங்கம்மைட்டக் கேளு."

"எலி ஓட்ட போட்டுத் தின்னா? அதுவும் சம்மதமா மாமா?"

மச்சான் உபாத்தியாயர். கேள்வி நியாயமாக இருந்தால் கேட்டவர் யாரானாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது அவருக்கு. "எலி தின்னா சம்மதம் இல்லதான். அது களவாணி. வீட்டுக்குப் பெரியவன் தின்னா வேற." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரே சொல்லும் மாப்ளே. சம்மதிச்சுத் தின்னீரா, களவாண்டு தின்னீரா?"

சம்மதித்து என்று ஒரு சொல் போதும். நான் யோசித்து முடித்த காரியம்தானே அது. மகள் சேரன்மகாதேவிக்குப் போவாள், பின்னாலேயே நானும் மூட்டை கட்டலாம், இருபது வருஷமாக முடியாத அந்த இரண்டு வருஷம் முடியும். களவாண்டு என்று சொன்னால் அந்த வழி அடைபடும். மச்சான் ஊருக்குப் போய்ச் சொல்வார். இனி எந்தக் கல்யாண வீட்டிலும் என் இலையில் மாம்பழம் வைக்குமுன் நாலு பேர் சிரிப்பார்கள். சாறு காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. எஸ்தர் என்னைக் கெஞ்சிப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. நெகிழ்ந்து கிடந்த இரண்டு ஓலையையும் மறுபடி பின்னிவிட முடியுமா என்று விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"களவாண்டுதான் தின்னேன் மச்சான்."

"என்னது?"

"பல்வலின்னு பொய் சொல்லி இருந்துட்டேன். ஆள் இல்லாதப்ப அடியில ஓட்ட போட்டு எடுத்துத் தின்னேன். சம்மதம் கிம்மதம் ஒண்ணும் இல்ல."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். "வெக்கமா இல்லையாவே?"

"இருக்கு மச்சான்."

"கை நெறயச் சம்பாதிக்கேரு. மாம்பழம் வாங்கித் திங்க வக்கு இல்லாமலா போச்சு?"

"இந்த வக இங்கன கெடைக்காது மச்சான்."

அவர் குத்து வாங்கிய கையைத் தடவிக்கொண்டார். தங்கை மகளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அன்பம்மாள் உள்ளே போய்க் கோணி ஊசியும் சணல்நூலும் எடுத்துவந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, பெட்டி தையலோட திரும்புது. காரணம் கேக்கப்படாது" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

"கேக்கல தாயி." அவள் ஓட்டையில் ஊசியை வைத்தபோது, "பொறு, பொறு" என்றார். குனிந்து, ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, வலியில் முனகிக்கொண்டே துழாவி, நல்லதாக ஒரு நீலத்தை எடுத்தார். "இத அப்பிடியே திருப்பிக் கொண்டுபோனா கப்பல்ல என்னையும் சேத்துத் தண்ணில போட்ருவான். ஓட்ட வழியா வாரது பொண்ணு கேட்ட பழம் இல்ல, வெறும் பழம். இந்தா பிள்ள, தின்னு. ஒனக்குன்னுதான கடல் தாண்டி வந்துச்சு."

எஸ்தர் சிரித்தாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். கத்தி எடுத்துவந்து அறுத்து, ஒரு துண்டை வாயில் போட்டு, பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் நிதானமாக மென்றாள். நானும் மச்சானும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பிடிம்மா இருக்கு?" என்றேன். பொறுக்க முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். இன்னொரு துண்டு போட்டுக்கொண்டாள். "வெளியூர்ப் பழத்துக்கே உள்ள ஒரு ருசி இருக்குல்லா, அது."

"வெளியூராம்லா!" என்று மச்சான் தொடையில் அடித்துச் சிரித்தார். அடித்தது குத்து வாங்கிய கை. சிரிப்பும் முனகலும் சேர்ந்து வந்தன.

எஸ்தர் ஒரு துண்டை என் பக்கம் நீட்டினாள். "வாங்குங்கப்பா. இது களவு இல்ல."

வாங்கிக்கொண்டேன். வண்டில்லாத, நல்ல நீலம். அவள் சொன்ன அந்த ருசி அதில் எங்கே இருக்கிறதென்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தேடித் தேடி மென்றேன். என் நாக்குக்கு அது அகப்படவில்லை.